கணினி கேள்வி பதில்: எட்டரை மணி எப்படி 8.21 ஆனது?

கேள்வி: வணக்கமுங்கண்ணா. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். விரல் வைக்கிற மெஷினுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்துதான் நேரம் போகிறது. நெட்டுக்கு சிம் போட்ட ரவுட்டர். சிக்னல் ஒரு கோடு இருக்கும், இல்லாமலும் போகும். ராத்திரி மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் பூட்டுவோம். போன வாரம் புதன்கிழமை கடிகாரம் 3 நிமிடம் பின்னால் போயிருந்தது. வியாழன் 5, வெள்ளி 9. ராத்திரி வேலை முடிந்து, சுவர்க் கடிகாரத்தில் எட்டரை ஆனதும் விரல் வைத்தால் 8.21 என்று விழுகிறது. ஒன்றரை ஷிஃப்ட்டில் சாஃப்ட்வேர் அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டது. சனிக்கிழமை 14 பேருக்குச் சம்பளம் குறைந்து, ஒரே சத்தம். ஓனர் நெட் சரியில்லை என்கிறார். நெட்காரர் மெஷின் சரியில்லை என்கிறார். தகர ஷெட் சூட்டில் கடிகாரம் கெட்டுவிட்டது என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ஊத்துக்குளி

பதில்: அம்மணி, முதலில் அந்த 14 பேரின் பணத்தைப் பார்ப்போம். எந்த நாளில் எத்தனை நிமிடம் பின்னால் இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அது போதும். புதன்கிழமைப் பதிவுகளில் 3, வியாழன் 5, வெள்ளி 9 என்று கூட்டிக்கொண்டு, குறைத்த சம்பளத்தை இந்தச் சனிக்கிழமையே கொடுத்துவிடச் சொல்லுங்கள். காலையில் பத்து நிமிடம் முன்னாடி வந்ததற்கு மெஷின் காசு தருவதில்லை. சாயங்காலம் மட்டும் ஒன்பது நிமிடத்தைப் பிடித்துக்கொள்வது நியாயமே இல்லை. மெஷின் எழுதியதாலேயே அது உண்மை ஆகிவிடாது. ஓனரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் யார் மேல் தப்பு என்பது. தகர ஷெட்டை விட்டுவிடலாம். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சூட்டில் கொஞ்சம் மெதுவாகும், உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே 45 டிகிரி இருந்தாலும், அதனால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விநாடிதான் தவறும். மூன்று நாளில் ஒன்பது நிமிடம் என்றால் 540 விநாடி. அது சூட்டின் வேலை இல்லை.

நெட் மெதுவாக இருப்பதும் காரணம் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கதித்தமலைக் கோயிலில் சரியான கடிகாரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனை மணி பார்த்துவர அனுப்புகிறீர்கள். அவன் கிளம்பியதையும் திரும்பியதையும் உங்கள் கடிகாரத்தில் குறித்துக்கொள்கிறீர்கள். போய் வர 40 நிமிடம். சரி, அவன் மணி பார்த்து 20 நிமிடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுவீர்கள். ஆனால் ஏற 30 நிமிடம், இறங்க 10 நிமிடம்தான் ஆனது என்றால் உங்கள் கணக்கில் 10 நிமிடம் தப்பு. எவ்வளவு மோசமாக நடந்தாலும் அந்தத் தப்பு மொத்தப் பயணத்தில் பாதியைத் தாண்டாது.

கணினிகள் செய்வதும் இதேதான். இந்த முறைக்கு என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) என்று பெயர். பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985இல் வெளியானது. கேள்வி கிளம்பிய நேரம், சரியான நேரம் சொல்லும் கணினியான சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம், பதில் அங்கிருந்து கிளம்பிய நேரம், இங்கே வந்த நேரம் என்று நான்கையும் வைத்துத்தான் கணக்கு. உங்கள் சிம் ரவுட்டரில் கேள்வி போய்ப் பதில் வர 2 விநாடியே ஆகட்டும், தப்பு 1 விநாடிக்குள்தான் நிற்கும். நல்ல மென்பொருள் கடைசி எட்டுப் பதில்களில் எது சீக்கிரம் வந்ததோ அதை நம்பும், தாமதமாக வந்ததை ஒதுக்கிவிடும். எனவே ஒன்பது நிமிடம் பின்தங்கியது என்றால் நெட் தவறான நேரம் கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. கணினிக்கு வெளியிலிருந்து நேரமே வந்து சேரவில்லை.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, ராத்திரி மெயினை ஆஃப் செய்வது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் கடிகாரத்துக்கு அது கிடைக்கும். மெயினை அணைத்தால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரிதான் அதை ஓட்ட வேண்டும். சிஆர்2032 என்று கேட்டால் கடையில் கிடைக்கும். அது வலுவிழந்தால் கடிகாரம் ராத்திரியில் நொண்டும். சோதிப்பது சுலபம்: பூட்டும்போது கம்ப்யூட்டர் நேரத்தையும் போன் நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். காலையில் ரவுட்டரைப் போடுவதற்கு முன்னால் மறுபடி எழுதுங்கள். அன்று பகல் முழுக்க ஓடவிட்டுச் சாயங்காலம் ஒருமுறை பாருங்கள். ராத்திரியில் மட்டும் குறைந்தால் பேட்டரியேதான். சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் குடோனில் இதே கதை. நான் போய்ப் பார்ப்பதற்குள் இரண்டாவது சிம்மும் புது ரவுட்டரும் வாங்கிவிட்டார்கள். பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தச் செலவு இன்னும் மனதில் உறுத்துகிறது.

பேட்டரி இறங்கினாலும், நெட் வழியாக நேரம் வந்திருந்தால் காலையிலேயே சரியாகியிருக்கும். ஏன் வரவில்லை? பல விண்டோஸ் கணினிகள் வாரத்துக்கு ஒரு முறைதான் தானாகக் கேட்கும். அந்த நேரம் சிக்னல் இல்லை, அல்லது மெயின் ஆஃப் என்றால் போயிற்று. இன்னொன்று, பேட்டரி முழுக்கச் செத்துத் தேதியே பழைய வருடத்துக்குப் போய்விட்டால், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டியதும் விண்டோஸ் பயந்துகொண்டு திருத்த மறுத்துவிடும். அப்போது தேதியைக் கையால் சரிசெய்த பிறகுதான் விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்த வேண்டும். அழுத்தியும் பிழை வந்தால் ரவுட்டரை விட்டுவிட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். அதில் வேலை செய்தால், ரவுட்டரோ சிம் நிறுவனமோ நேரம் கேட்டுப் பதில் வரும் வழியான யுடிபி 123ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். நெட்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

பேட்டரி மாற்றிய பின் 'இன்டர்நெட் டைம்' பகுதியில் டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க் என்ற சர்வரைப் போடுங்கள். டெல்லியில் அணுக் கடிகாரங்களை வைத்து நம் நாட்டின் நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது அது. குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கு ஒரு முறை நேரம் கேட்கும்படி வைத்துவிடுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை சிக்னல் இல்லாமல் போனாலும், கிடைக்கும் ஒரு முறையே உங்களுக்குப் போதும். மெஷினுக்கு நேரம் அனுப்புவதைக் காலை 8 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஆட்கள் வரிசையில் நிற்கும்போது கடிகாரம் தாவினால் பதிவுகள் குழம்பும்.

மூன்று நான்கு கணினிகள் இருந்தால், ஒரு பழைய பெட்டியில் லினக்ஸும் கிரோனி என்ற இலவச மென்பொருளும் போட்டு, மற்றவை அதையே கேட்கும்படி செய்யலாம். விட்டுவிட்டு வரும் நெட்டிலும் நன்றாக வேலை செய்யும்படி எழுதியது அது. தன் கடிகாரம் நாளைக்கு எத்தனை விநாடி பிசகும் என்று கற்றுக்கொண்டு கோப்பில் எழுதிவைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது நெட் ஒரு நாள் முழுக்க இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கை வைத்தே ஓட்டும்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறுகிறது. பேட்டரி மாற்றியும் போகவில்லை.
– ஒரு கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கும். ஐந்தரை மணி நேரம் என்பது உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி. உள்ளே இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை மூலம் உள்ளூர் நேரத்தை எழுதச் சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்.