பால்மாவுக் கம்பெனி பணத்தில் நடந்த ஆய்வை நம்பலாமா?

முழுப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் முடிவைப் படிக்கும் முன், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். பணம் முதலில் கைவைப்பது அங்கேதான்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. மகள் பிறந்த மூன்றாம் வாரம், பால் போதவில்லையோ என்று பயந்து ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். ஒரு டப்பாவின் பெயரை எழுதி, கூடவே வழவழப்பான தாள் ஒன்றும் தந்தார். 'ஒவ்வாமை குறையும், ஆய்வில் நிரூபணம்.' வீட்டுக்கு வந்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். பணம் போட்டது அதே கம்பெனி. ஒப்பிட்டது வேறொரு மாவோடு. தாய்ப்பால் குடித்த குழந்தைகள் கணக்கிலேயே இல்லை! மாவுக்கும் மாவுக்கும் பந்தயம் விட்டால் ஏதோ ஒரு மாவுதானே ஜெயிக்கும்?

துணிந்து பொய் சொன்ன கதையும் உண்டு. கனடாவில் ரஞ்சித் சந்திரா என்ற விஞ்ஞானி மாவுக் கம்பெனிகளின் பணத்தில் ஒவ்வாமை ஆய்வுகள் செய்தார். குழந்தைகளைச் சேர்த்து முடிக்கும் முன்பே முடிவுகள் அச்சேறிவிட்டன என்று அவரிடம் வேலை பார்த்த செவிலியரே சொன்னார். பல்கலைக்கழகம் 1990-களிலேயே விசாரித்து முறைகேடு என்று கண்டது, ஆனால் அறிக்கையை வெளியே விடவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1989-இல் வந்த அவருடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2015-இல்தான். நடுவில் 26 வருஷம் அதை நம்பியவர்கள் எத்தனை பேரோ.

நம் நாட்டில் மாவுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. 2003-இல் அதை இறுக்கினார்கள். கருத்தரங்கு, ஆய்வு, உதவித்தொகை என்று எந்தப் பெயரிலும் மாவுக் கம்பெனி டாக்டர்களுக்கோ அவர்கள் சங்கங்களுக்கோ பணம் தரக்கூடாது. டப்பாவில் குழந்தைப் படம்கூட போடக்கூடாது. அப்படியிருந்தும் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

மாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கு உடம்பு முடியாமல் போனால் வேறு என்ன வழி? அந்தக் குழந்தைகளுக்காகவாவது அரசுப் பணத்தில் ஆய்வு நடக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில், ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வந்து குழந்தையை எப்படிப் பிடித்துப் பால் கொடுப்பது என்று காட்டினார். நாலு நாளில் சரியாகிவிட்டது. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் அந்தப் பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவரும் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார்.