மரக்கட்டை வீடு: வாசகர் கேள்விகள், வல்லுநர் பதில்கள்

முழு மரக்கட்டைகளைப் படுக்கைவசமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பும் வீடுகளின் உள்வேலை, வெளிவேலை பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: பச்சை மரக்கட்டையில் கட்டிய வீடு. ஓராண்டு ஆவதற்குள் வாசற்கதவு இறுகிவிட்டது. ஒரு ஜன்னலின் மேல்சட்டம் வளைந்து கண்ணாடியும் விரிசல் விட்டிருக்கிறது. அஸ்திவாரம் இறங்கிவிட்டதா?

பதில்: இறங்கியது பெரும்பாலும் சுவராகத்தான் இருக்கும். மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம். படுத்திருக்கும் கட்டை ஒவ்வொன்றும் கொஞ்சம் மெலிய, சுவர் மொத்தமாகத் தணிகிறது. பச்சைக் கட்டை என்றால் அடிக்கு முக்கால் அங்குலம் வரை கணக்கு வைக்க வேண்டும். அதாவது 8 அடிச் சுவர் 6 அங்குலம் இறங்கலாம். சூளையில் உலர்த்திய கட்டையில் இது நன்றாகக் குறையும், ஆனாலும் இல்லாமல் போகாது. நிலையின் கால்களோ நின்றிருக்கும் மரம், அவை சுருங்குவதில்லை. இறங்கி வந்த கட்டை நிலையின் தலையில் உட்கார்ந்துவிட்டது.

ஜன்னலின் மேல் அலங்காரப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். நிலைக்கும் மேல்கட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பச்சைக் கட்டை வீட்டில் 4 அடி ஜன்னலுக்கு 3 அங்குலமும், 7 அடி வாசலுக்கு 5¼ அங்குலமும் முதலிலேயே விட்டிருக்க வேண்டிய அளவு. உங்கள் வீட்டில் விரல்கூட நுழையாது என்றே நினைக்கிறோம். பக்கங்களையும் பாருங்கள். நிலையின் காலைக் கட்டை முனைகளோடு சேர்த்து ஆணி அறைந்திருந்தால், கட்டைகள் இறங்க முடியாமல் அந்த ஆணிகளிலேயே தொங்கும். அந்த இடத்தில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

சரியான முறை இது: திறப்பின் இரு பக்கத்திலும் கட்டை முனைகளில் மேலிருந்து கீழ்வரை ஒரே காடியாக எடுத்து, அதில் மரத்தாலான நீளப் பட்டை ஒன்றை நழுவும்படி செருக வேண்டும். நிலையை அந்தப் பட்டையில்தான் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும், கட்டையில் ஒரு ஆணிகூடப் படக்கூடாது. மேல் இடைவெளியில் ஆட்டு ரோமமோ கண்ணாடி இழையோ தளர்வாக அடைக்கலாம். விரிந்து கெட்டிப்படும் ஃபோமை அடித்தால் இடைவெளி விட்டதே வீண். மறைப்புப் பலகையை மேல்கட்டையில் மட்டும் அடித்து, கீழ் விளிம்பை நிலையின்மேல் நழுவ விடுங்கள்.

இப்போது செய்யவேண்டியது: பக்க ஆணிகளை அறுத்து நிலையை விடுவியுங்கள். பிறகு காடியும் பட்டையும் போட்டு, உயரம் குறைந்த ஜன்னலை வைப்பதுதான் நல்லது. மேல்கட்டையின் அடியைச் செதுக்கி இடம் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் அகலமான திறப்பில் மேலேயுள்ள பாரத்தைத் தாங்குவது அந்தக் கட்டைதான்; கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மாடித்தரை நடுவில் மட்டும் மேடாகிக்கொண்டே வருகிறது. ஏன்?

பதில்: அதே கணக்குதான். சுற்றுச்சுவர் இறங்குகிறது, நடுவில் நிற்கும் தூண் இறங்கவில்லை. தூணின் அடியிலோ தலையிலோ, திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஜாக் இருக்க வேண்டும். அலங்காரப் பெட்டிக்குள் மறைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறையும், அதன்பின் பருவத்துக்கு ஒருமுறையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரே நாளில் ஓரங்குலம் இறக்கினால் தரைப்பலகை பிளக்கும், கதவுகள் கோணும். ஜாக்கே இல்லை என்றால் உத்திரத்துக்குத் தற்காலிக முட்டு கொடுத்து, தூணின் அடியை அறுத்து ஜாக் வைக்க வேண்டியிருக்கும். அது அனுபவமுள்ளவர்கள் செய்யும் வேலை. மாடிப்படியையும் பாருங்கள்: மேலே மட்டும் பிடித்து, கீழ்முனை தரையில் நகரும்படி விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: மூன்று வருடம் முன்பு வெளிச்சுவருக்கு நிறமில்லாத வார்னிஷ் அடித்தோம். வெயில் படும் பக்கம் தோல்போல் உரிந்து, அடியில் மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. மறுபடியும் எப்படிப் பூசுவது?

பதில்: வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. நிறமில்லாத பூச்சு பெரும்பாலும் கதிரை உள்ளே விட்டுவிடும். அடியில் மரத்தின் மேற்பரப்பு பொடியாகிப்போக, பிடிமானம் இழந்த வார்னிஷ் உரிகிறது. கதிரைத் தடுப்பது நிறமிதான். அதனால் மர ரேகை தெரிகிற அளவு நிறமியுள்ள, உள்ளே ஊறக்கூடிய ஸ்டெயின் வாங்குங்கள்.

உரிந்த பூச்சின்மேல் எதுவும் பிடிக்காது. முதலில் பழையதை முழுக்க எடுக்க வேண்டும். 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் போதும். அதைவிட மெல்லிய தாளில் தேய்த்து வழவழப்பாக்கினால் ஸ்டெயின் ஊறாது. தண்ணீர்ப் பீய்ச்சியை நெருக்கிப் பிடித்து அடித்தால் மரம் பஞ்சுபோல் கிளம்பி நிற்கும், அதையும் பிறகு தேய்த்தாக வேண்டும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருப்பிடித்து, மரத்தில் இருக்கும் டேனின் என்ற பொருளோடு சேர்ந்து கரும்புள்ளியாகும். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பூசி, பின்பு நன்றாகக் கழுவுங்கள்.

மரம் வெறுமையாக இருக்கும் இந்த நேரம்தான் போரேட் அடிக்க வாய்ப்பு. கரையான், வண்டு, உளுப்பு மூன்றுக்கும் அது எதிரி. ஆனால் தண்ணீரில் கரையும் உப்பு; மேலே பூச்சு இல்லாவிட்டால் மழை கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் துடைத்துவிட்டு, ஊசி வைத்த ஈரப்பத மீட்டரால் பல இடங்களில் பாருங்கள். 18 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் ஸ்டெயின்.

நிழல் இருக்கும் பக்கத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிறுத்தாமல் போய்ச் சேர வேண்டும். நடுவில் தேநீர் குடிக்கப் போனால், காய்ந்த ஓரத்தின்மேல் அடுத்த பூச்சு ஏறி, அங்கே ஒரு கருங்கோடு விழும். அது பிறகு போகாது. ஸ்ப்ரே அடித்தாலும் பின்னாலேயே பிரஷால் தேய்த்து உள்ளே ஏற்றுங்கள். மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகள் தண்ணீரை உறிஞ்சும் குழாய்கள். அவற்றுக்கு மட்டும் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டால் நல்லது. ஊறிக் கருத்தால் அந்தப் பக்கத்துக்கு மறுபூச்சு கொடுக்க நேரமாகிவிட்டது.

கேள்வி: கட்டைகளில் நீளநீளமாக வெடிப்பு. எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வெடிப்பு மரம் காய்வதன் இயல்பு. பெரும்பாலும் பலத்தைக் குறைப்பதில்லை. கட்டையின் கீழ்ப்பாதியில் இருப்பதை விட்டுவிடுங்கள், தண்ணீர் தானே வடியும். மேல்பாதியில் வாய் திறந்து, கால் அங்குலத்துக்கு மேல் அகலமாக இருப்பதுதான் ஆபத்து. மழைநீர் உள்ளே நின்று கட்டையை நடுவிலிருந்து உளுத்துப்போக வைக்கும்.

மரப் பட்டி வேண்டாம். அது கெட்டியானது, மரம் அசைந்ததும் ஒரு ஓரம் விட்டுப்போய், அந்த இடுக்கில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். வெடிப்பைத் துடைத்து, போரேட் கரைசல் விட்டுக் காயவைத்து, வெடிப்பைவிடச் சற்றுத் தடித்த ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். அதன்மேல் இழுபடும் சீலன்ட், அகலத்தில் பாதி ஆழத்துக்கு. கயிறு அடைப்புக்காக மட்டும் அல்ல. சீலன்ட் இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் ரப்பர்போல் நீளும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் வெடிப்பு விரியும்போது கிழிந்துவிடும்.

கேள்வி: உள்ளே பகலிலும் இருட்டாக இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அடித்தால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மரம் வெளிச்சத்தை விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் கூரையின் உட்பக்கத்தையும் தடுப்புச் சுவர்களையும் வெளிர் நிறமாக்கினாலே அறை மாறிவிடும். தடுப்புச் சுவரின் தலையிலும் இறக்கத்துக்கு இடம் விட மறக்காதீர்கள். கட்டைச் சுவருக்கு நீர்க்கலவை அக்ரிலிக், மினுமினுப்புக் குறைந்ததாக இரண்டு பூச்சு போதும். பைன் மரத்தில் கணுக்களிலிருந்து பிசின் கசியும். அந்த இடங்களில் முதலில் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சைத் தொடுங்கள்.

கேள்வி: குளியலறையில் கட்டைமேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: கூடாது. கட்டை இறங்கும்போது டைல்ஸ் வெடிக்கும். கட்டைக்கு முன்னால் தரையில் நிற்கும் தனிச் சட்டச்சுவர் எழுப்பி, நீர்த்தடுப்பு கொடுத்து, அதில் ஒட்டுங்கள். சமையலறை மேல் அலமாரியைச் சுவரில் மாட்டும்போதும் நீளத்துளை போட்ட பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: இறவாரம் ஓரடி நீட்டியிருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. குறைந்தது 2 அடி, முடிந்தால் 3 அடி. ரஷ்யாவின் கீஷி தீவில் 1714-இல் எழுந்த மரத் தேவாலயத்தில் சுவரின் தலையையே வெளிப்பக்கமாக விரித்துக் கட்டி, தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி விழவைத்திருக்கிறார்கள். கூரையை இப்போது நீட்ட முடியாதென்றால் தண்ணீர்க் காடி மாட்டுங்கள். அடிக்கட்டை தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். சுவரோரச் செடிகளை இரண்டடி தள்ளி நடுங்கள். கீழ்க்கட்டையில் மண்தெறிப்பு விழும் உயரம்வரை மழைக்காலம் முடிந்ததும் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அந்த இடத்தில் உளுப்பு தொடங்கிவிட்டது.