மெனு கார்டு இல்லாத விருந்து: கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

நான் எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் கோவில்பட்டி. சாப்பாடு பற்றி நீங்கள் எழுதுவதை முதலில் என் மனைவிதான் படிக்க ஆரம்பித்தாள். இப்போது நானும் படிக்கிறேன்.

சமீபத்தில் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். என் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் மெனு கார்டு கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது, வருவதெல்லாம் ஆச்சரியம் என்றார்கள். மூன்றரை மணி நேரத்தில் பதினாலு தட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வாய், மிஞ்சிப்போனால் இரண்டு வாய். ஒரு தட்டு நிறையக் கூழாங்கல், அதன்மேல் அப்பளம் மாதிரி ஏதோ ஒரு துண்டு. கல்லைச் சாப்பிட வேண்டாம் என்று சர்வர் பையன் சொல்லவேண்டியிருந்தது. தட்டுக்குத் தட்டு ஒரு கதை வேறு. செஃப்புடைய பாட்டி, செஃப் சின்ன வயதில் நடந்த கடற்கரை. மனைவி சைவம். அவளுக்குத் தனியாகத்தான் வந்தது, ஆனாலும் எதில் என்ன இருக்கிறதோ என்ற பயத்திலேயே சாப்பிட்டாள்.

வயிறு நிறைந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. மாப்பிள்ளை பில்லைக் காட்டவில்லை. மகள் வாய்தவறித் தொகையைச் சொல்லிவிட்டாள், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்து மேஜைகளில் ஒவ்வொரு தட்டுக்கும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு எதுவுமே ஆச்சரியமாக இல்லை. இது பணக்காரர்களின் பம்மாத்தா, இல்லை எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா? மகளிடம் கேட்டால் மனசு கஷ்டப்படுவாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

சங்கரலிங்கம்

அன்புள்ள சங்கரலிங்கம் சார்,

பம்மாத்து கொஞ்சம் உண்டு. கூழாங்கல்லை அந்தக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் உங்களுக்கு ரசிக்கத் தெரியவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். வயிறு நிறைந்தது, சாப்பிட்ட மாதிரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படித்தான் இருக்கவேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் சமைக்கிறார்கள்.

ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன்மேல் ஆசை குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் வேறொரு பண்டம் வந்தால் நாக்கு மறுபடி விழித்துக்கொள்ளும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனை வைத்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் பிரெஞ்சு லாண்ட்ரி உணவகத்தை நடத்தும் தாமஸ் கெல்லர் தன் சமையலையே இதன்மேல்தான் கட்டியிருக்கிறார். முதல் வாயில் கிடைக்கும் சந்தோஷம் நாலாவது வாயில் கிடைக்காது, அதனால் இன்னும் ஒரு வாய் இருந்தால் தேவலை என்று தோன்றும்போதே தட்டை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே ஒன்பது கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது சுற்று. ஒன்றில் வந்த முக்கியப் பொருள் இன்னொன்றில் வராது.

நமக்கு நிறைவு வரும் வழி வேறு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் அடியில் இருப்பது ஒரே சோறு. பிடித்ததை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, அதே ருசியை மறுபடி தொடும்போதுதான் சாப்பிட்டோம் என்ற எண்ணம் வருகிறது. நீங்கள் அந்த மேஜையில் தேடியது மறுசோறு. அங்கே அது கிடைக்காது. எட்டாவது தட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்து வருவது ஒன்பதாவதுதான்.

சரி, ஆச்சரியத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

ஸ்பெயினில், கட்டலோனியாவின் கடற்கரையில் ரோசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் எல் புல்லி என்று ஓர் உணவகம் இருந்தது. செஃப் ஃபெரான் அட்ரியா. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் இந்த மாதிரி விருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது. வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் கடை திறந்திருக்கும். மிச்ச நாளில் பார்சிலோனாவில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டு புதுசு புதுசாக எதையாவது செய்து பார்ப்பார்கள். ஒரு பருவத்தில் எட்டாயிரம் பேருக்குத்தான் இடம், கேட்டு எழுதுகிறவர்களோ லட்சக்கணக்கில். 2000களின் தொடக்கத்தில் மெனு கார்டையே எடுத்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்தால் முப்பது சின்னத் தட்டுகள், சில வருஷம் அதற்கும் மேல். 2011 ஜூலையில் கடையை மூடினார்கள்.

அங்கே 2005இல் செய்த ஒரு பண்டம் ஆலிவ். நிஜ ஆலிவ் காயைப் பிழிந்து சாறெடுப்பார்கள். அதில் கால்சியம் உப்பைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைசலுக்குள் ஒரு சின்னக் கரண்டியால் விடுவார்கள். சாற்றைச் சுற்றி மெல்லிசாகத் தோல் கட்டிக்கொள்ளும். எடுத்து எண்ணெய் ஜாடியில் போட்டுவைத்தால் பார்வைக்கு அசல் ஆலிவ். வாயில் போட்டதும் தோல் உடைந்து மொத்தமும் சாறு. சாப்பிட்டவர்கள் சொக்கிப்போனார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பல் முளைத்த நாளிலிருந்து ஆலிவ் தின்றவர்கள். சதை இருக்கும், கொட்டை தட்டுப்படும் என்று பல் தானாகவே தயாராகிறது. பல்லுக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் ருசி மட்டும் முழுசாக ஆலிவ்.

உங்களுக்கோ எனக்கோ அதைக் கொடுத்தால்? உப்புக் கரிக்கும் பச்சைத் தண்ணீர் உருண்டை. அவ்வளவுதான். இதே வித்தையைக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். சிவந்த பாகு, பருப்பு, மேலே தூவிய தேங்காய்த் துருவல், எல்லாம் அச்சு அசலாக இருக்க, கடித்ததும் சத்தமே இல்லாமல் நுரையாகக் கரைந்து போனால் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள். பக்கத்தில் இருக்கும் கட்டலோனியாக்காரர் நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பார்ப்பார்.

ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்குத்தான் அது மாறி வரும்போது ஆச்சரியம். அந்தப் பதினாலு தட்டும் வேறு யாருடைய ஞாபகத்தோடோ பேசிக்கொண்டிருந்தன, நீங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பாட்டி கதையும் கடற்கரைக் கதையும் அதனால்தான் வருகின்றன. உங்களிடம் இல்லாத ஞாபகத்தை அந்தப் பையன் அரை நிமிஷத்தில் உங்களுக்குள் ஏற்றப் பார்க்கிறான். ஏறாது. எனக்கும் அந்தப் பேச்சுக்குப் பொறுமை கிடையாது. ஓரிடத்தில் பேச்சு முடிவதற்குள் சூப் ஆறிவிட்டது. மேலே தூவியது எந்த மலையில் விளைந்த மூலிகை என்பதை ஆறின சூப்போடு தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்?

கதை சொல்லாமலும் இதைச் செய்யலாம். பாங்காக்கில் ககன் ஆனந்த் செய்தார். கொல்கத்தாக்காரர். எல் புல்லியின் பட்டறையில் கொஞ்சகாலம் பயின்றுவிட்டு 2010 கடைசியில் சொந்தக் கடை போட்டார். ஆசியாவின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2015 முதல் 2018 வரை நாலு வருஷமும் அவர் கடைதான் முதல் இடம். அப்போது அங்கே கார்டு கொடுப்பார்கள், அதில் எழுத்தே இருக்காது. இருபத்தைந்து எமோஜி மட்டும். எது என்ன என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரியும். அந்த ஆலிவுக்குச் செய்த அதே வித்தையைத் தயிரில் செய்து, வட இந்தியத் தெருச் சாட்டின் ருசியை ஒரு உருண்டைக்குள் அடைத்தார். தயிர் சாட் தின்று பழகிய வாய்க்கு அதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். இன்னொன்றில் கரண்டியும் கிடையாது, தட்டை நக்கச் சொல்வார். நான் பெரிய உணவகங்களின் பக்தை இல்லை, ஆனால் இது பிடித்தது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறவர்கள் தட்டை நக்குவதை நினைத்துப் பாருங்கள்.

சென்னை கிண்டியில், ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் ஆவர்த்தனா என்று ஓர் உணவகம் இருக்கிறது. தென்னிந்தியச் சமையலை இப்படிக் கோர்ஸ் கோர்ஸாகப் பரிமாறுகிறார்கள். ஏழு கோர்ஸிலிருந்து பதிமூன்று வரை, எத்தனை வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். அவர்களுடைய தக்காளி ரசம் பிரபலம். வடித்தெடுத்துத் தெளிந்து, கண்ணாடிக் கோப்பையில் வரும். கண்ணுக்கு அது ரசமே இல்லை, வாயில் வைத்தால் ரசத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த இடைவெளியை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்து மேஜை வெளிநாட்டுக்காரர்தான், தனக்கு ரசிக்கத் தெரியவில்லையோ என்று உங்களைப் பார்த்து யோசிக்கவேண்டும். விலை அங்கேயும் விலைதான், அதைப் பற்றி நான் வாக்குறுதி தரமுடியாது.

கார்டு கேட்டு அது இல்லாதபோது உங்களுக்கு வந்த எரிச்சல் நியாயமானது. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் சத்திரத்துக்குப் போனால் குறித்த நேரத்துக்குப் பொது மேஜையில் உட்காரவேண்டும். சத்திரக்காரர் வைத்ததுதான் சாப்பாடு, ஒரே விலை. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் பாரிஸில் ரெஸ்டாரண்ட் என்று ஒன்று கிளம்பியபோது அதன் புதுமையே நாலு விஷயம்தான்: தனி மேஜை, வேண்டிய நேரம், விலை போட்ட கார்டு, பிடித்ததைக் கேட்கும் உரிமை. ரெஸ்டாரண்ட் என்பதற்கே கார்டுதான் அடையாளமாக இருந்தது. இருநூறு வருஷம் கழித்து அதைப் பிடுங்கிவிட்டு, குறித்த நேரத்துக்கு வா, வைத்ததைத் தின்னு, இதுதான் விலை என்று மறுபடி சத்திரத்துக்கே வந்திருக்கிறார்கள். விலை மட்டும் சத்திர விலை இல்லை.

சமையலறைக்கு இதில் சௌகரியம் அதிகம். இன்றைக்கு நாற்பது பேர் என்றால் நாற்பது மீன் துண்டு, நாற்பத்தொன்று வேண்டாம். யார் எதைக் கேட்பார்களோ என்று இருபது வகையைத் தயாராக வைத்து, ராத்திரி பாதியைக் கொட்டவேண்டிய அவசியம் இல்லை. வராமல் போகிறவர்களால் வரும் நஷ்டத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். சிகாகோவில் அலீனியா உணவகத்தை நடத்துகிறவர்கள் 2011இல் நெக்ஸ்ட் என்று இன்னொன்றைத் திறந்தபோது, சினிமாவுக்கு மாதிரி முன்கூட்டியே டிக்கெட் விற்றார்கள். இப்போது இது பல ஊர்களில் வழக்கம். உங்கள் மாப்பிள்ளையும் ஒருவேளை பல நாள் முன்பே பணம் கட்டியிருப்பார், அன்று காட்ட பில்லே இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

இவ்வளவு மிச்சம் பிடித்தும் அந்த விலை ஏன் என்றால், ஆள்கூலி. ஒரு வாய்ப் பண்டத்துக்குப் பின்னால் காலையிலிருந்து நாலு பேர் கிடுக்கியை வைத்துக்கொண்டு இலை அடுக்கியிருப்பார்கள். அந்தக் கூலியையும் எல்லாருக்கும் கொடுத்தார்களா என்றால் இல்லை. எல் புல்லியில் ஒவ்வொரு பருவமும் முப்பதுக்கு மேற்பட்ட இளம் சமையல்காரர்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார்கள், பேருக்காகவும் படிப்புக்காகவும். கோபன்ஹேகனில் நோமா என்ற உணவகம் உலகப் பட்டியலில் ஐந்து முறை முதலிடம் பிடித்தது. அங்கே பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022 கடைசியில்தான். 2023 ஜனவரியில் அதன் செஃப் ரெனே ரெட்ஸெப்பி, உணவகத்தை இந்த வடிவத்தில் தொடர்ந்து நடத்துவது பணத்துக்கும் கட்டாது, மனுஷர்களுக்கும் கட்டாது என்று சொல்லி, வழக்கமான உணவகமாக இருப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த தொகையே பல இடங்களில் உண்மையான செலவுக்குப் போதாது என்றால் நம்புவீர்களா? எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது விலைமேல் இல்லை, சம்பளம் வாங்காமல் இலை அடுக்கிய பிள்ளைகளை நினைத்துத்தான்.

மகளிடம் இதையெல்லாம் பேசவேண்டியதில்லை. பிடித்த ஒரு தட்டைச் சொல்லிவிடுங்கள், பதினாலில் ஒன்றாவது இருந்திருக்கும்.

உங்கள் மனைவி விஷயம்தான் அவசரம். இந்த மாதிரி இடங்களில் சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, அவர்களுடைய சைவமும் நம் சைவமும் ஒன்றில்லை. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷியில் பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சீவல் இருக்கும், ஏறக்குறைய நம் மாசிக் கருவாடுதான். பார்வைக்கு வெறும் காய்கறி வேகவைத்த தண்ணீர் மாதிரி தெரியும். கடற்பாசியும் காளானும் மட்டும் போட்டுச் செய்கிற தாஷியும் உண்டு, கேட்டால் மாற்றிக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பளபளவென்று ஆடும் ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டு எலும்பு, தோல் அல்லது பன்றித் தோலிலிருந்து வருவது. பார்மஜான் சீஸை இறுக்குவது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால். முன்பதிவு செய்யும்போது மாப்பிள்ளையை இவற்றைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: மீன் சாறு வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம், ரென்னெட் போட்ட சீஸ் வேண்டாம், முட்டை உண்டா இல்லையா. அங்கே போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் பெரிதாக எதுவும் மாற்றமுடியாது, காலையிலேயே எல்லாம் தயாராகியிருக்கும். உங்கள் மனைவிக்கு வரும் தட்டுகளின் பட்டியலை மட்டும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். ஆச்சரியம் கெட்டுவிடும் என்பார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள்.