உமக்குப் பயப்படும்படிக்கு

அன்புள்ள ஐயா,

லேவியராகமம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16-ஆம் அதிகாரம் என்னைக் கலங்கடித்துவிட்டது. பிரதான ஆசாரியனான ஆரோனே ஆனாலும் நினைத்த வேளையில் திரைக்கு உள்ளே, பரிசுத்த ஸ்தலத்துக்கு வந்தால் சாவு. ஆனால் யோவான், 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்கிறாரே? தேவபயம் பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன ஒன்றா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கலங்கியது நல்லதுதான். ஆரோனின் இரண்டு பிள்ளைகள் செத்ததைச் சொல்லித்தான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

ஆரோன் அன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறான் என்று பாருங்கள். பொன்னும் மணியும் பதித்த உடுப்பு இல்லை, வெறும் சணல்நூல் சட்டை. முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளை. பிறகு, தூபப்புகை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூட, அந்த மறைவில் உள்ளே போகிறான். சாகாமல் வருவதற்கு இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் கர்த்தர்தான். அப்புறம் உயிரோடிருக்கும் வெள்ளாட்டுக்கடாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிடுகிறான். ஒரு ஆள் அதை வனாந்தரத்துக்குக் கொண்டுபோகிறான். எல்லாருடைய பாவமும் கண்ணெதிரே தூரமாகிக்கொண்டே போய் மறைகிறது. இதைப் பயமுறுத்தும் நாள் என்று எப்படிச் சொல்வது?

'உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு' என்கிறது 130-ஆம் சங்கீதம். மன்னிப்பு முன்னால் வருகிறது, பயம் அதன் பின்னால். தண்டனைக்குப் பயந்த ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்தான். யோவான் அதே வசனத்தில் வேதனையுள்ளது என்று சொல்வது அந்தப் பயத்தைத்தான். மன்னிக்கப்பட்டவனோ, இவரை மறுபடி நோகடித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறான். அவன் ஓடுவதில்லை, கிட்டே வருகிறான்.

இந்தப் பயம் எங்கே தெரியும்? மூன்று அதிகாரம் தள்ளிப் பாருங்கள்: செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு. செவிடனுக்குக் கேட்காது, குருடனுக்குத் தெரியாது. கேட்கிறவர், பார்க்கிறவர் ஒருவர்தான்.

யூதர்கள் இன்றும் பாவநிவிர்த்தி நாளில் உபவாசம் இருக்கிறார்கள். அதற்கு முன்னால், தாங்கள் புண்படுத்தியவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கும் வழக்கமும் உண்டு. சக மனிதனுக்குச் செய்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை, அந்த நாள் நிவிர்த்தி செய்யாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. நீங்கள் கலங்கிய அதிகாரத்தைவிட எனக்கு இந்த வரியிடம்தான் பயம். ஒரு பழைய நண்பருக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.