தரைக்கு அடியில இருந்து மழைத் தண்ணி ஊறுது, பர்சனல் லோன் போட்டு வீட்டைத் தூக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில சொந்த வீடு சார், மாமனார் கட்டுனது, 30 வருஷமாச்சு. ரோடு மேல ரோடு போட்டு இப்ப எங்க வாசப்படி ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு. மழை பெஞ்சா டைல்ஸ் ஜாயின்ட்ல தண்ணி ஊறி வருது, சுவர்ல முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து பெயின்ட் உரியுது. ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்கிடலாம்ங்கிறாரு ஒரு கான்ட்ராக்டர். பொண்ணு காலேஜுக்குன்னு எஃப்.டி. 5 லட்சம் இருக்கு, அதைத் தொடாம 14 சதவீத வட்டில 4 லட்சம் பர்சனல் லோன் வாங்கலாமா?

பதில்: இப்ப வாங்காதீங்கமா. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம எவ்ளோ கடன் வேணும்னு யாராலயும் சொல்ல முடியாது. மழை விட்டு ரோடெல்லாம் காஞ்ச பிறகும் தரை சொதசொதன்னு இருந்துச்சுன்னா முதல்ல சம்ப்பை, அதாவது தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டியைப் பாருங்க. ராத்திரி மோட்டார் போடாம, சம்ப்புக்கு வர்ற லைனையும் மூடிட்டு, தண்ணி மட்டத்துல ஒரு கோடு போட்டு வைங்க, காலைல மட்டம் இறங்கியிருந்தா லீக் அங்கதான், அதை வச்சுக்கிட்டு வீட்டைத் தூக்கினா காசு போகும், ஈரம் போகாது. மழைல பாத்ரூம் வழியா ரிவர்ஸ் அடிக்குதுன்னா அது டிரெயினேஜ், வெளிய போற லைன்ல 'நான்-ரிட்டர்ன்' வால்வு, அதாவது போன தண்ணி திரும்பி உள்ள வராம தடுக்கிற வால்வு போடணும். இதெல்லாம் லோன் போட்டு செய்யுற வேலையே இல்ல.

ரெண்டும் இல்லாம மழைக்கு மட்டும் ஊறுதுன்னா மண்ணு முழுக்க தண்ணி ஏறி கீழேர்ந்து தள்ளுதுன்னு அர்த்தம், கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி ஓடுற நேரத்துல உங்க பக்கம் அது நடக்கும். இதுக்கு மேலாப்புல கெமிக்கல் கோட்டிங் அடிக்கிறேன்னு யாராவது வந்தா காசு கொடுக்காதீங்க, அடியில இருந்து வர்ற தண்ணி அதை உரிச்சுடும். சீலிங் உயரமா இருந்தா உள்ள ஃபில்லிங் பண்ணி, பாலித்தீன் ஷீட் விரிச்சு, கான்க்ரீட் போட்டு தரையை ஏத்தலாம், தூக்குறதை விட செலவு கம்மி. தூக்கியே ஆகணும்னா கான்ட்ராக்டர் கூட்டிட்டு வராத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் காட்டுங்க, முக்கியமா பக்கத்து வீட்டோட பொதுச் சுவரா இருந்தா. கான்ட்ராக்டர் சொல்ற ரேட்ல தரை, பைப் கனெக்‌ஷன், வயரிங், படிக்கட்டு எல்லாம் சேருமான்னு எழுதி வாங்குங்க, பெரும்பாலும் சேராது, அந்த மாசங்களுக்கு வெளிய வாடகையும் உங்க தலைலதான்.

இப்ப கணக்கு. 4 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம்னா ஈ.எம்.ஐ. கிட்டத்தட்ட 9,300, வட்டி மட்டுமே சுமார் 1.58 லட்சம். அதே எஃப்.டி. மேல கடன் வாங்கினா பொதுவா எஃப்.டி. வட்டியை விட 1, 2 சதவீதம்தான் கூட, டெபாசிட்டும் உடையாது, எடுத்த தொகைக்குத்தான் வட்டி. காலேஜ் ஃபீஸ் கட்டுற தேதிக்குள்ள அடைச்சுட முடியுற அளவுக்கு மட்டும் எடுங்க, இதுல நான் கண்டிப்பா சொல்றேன், பொண்ணு படிப்பு நிக்கக்கூடாது. வீட்டு ரிப்பேர் லோன் பர்சனல் லோனை விட மலிவு, ஆனா பத்திரம் இன்னும் மாமனார் பேர்லயே இருந்தா பேங்க் இழுத்தடிப்பாங்க, பேர் மாத்துற வேலையை இப்பவே ஆரம்பிங்க. பழைய வரி முறைல இருந்தா குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் கடன் வட்டிக்கு வருஷம் 30,000 வரைக்கும் கழிவு உண்டு, புது முறைல இல்ல.

இன்ஷூரன்ஸும் போடுங்க. 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசில வெள்ளம், புயல் ரெண்டும் கவர் ஆகும், வீட்டுக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் தொகைல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் உள்ள இருக்கிற சாமானுக்கும் சேரும். மெதுவா ஊறுற ஈரத்துக்கு கிளைம் கிடைக்காது, 2023 மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்தாதான்.

ஐப்பசி, கார்த்திகை மழைல கவனிச்சு எழுதி வைங்க, வேலையை மாசி, பங்குனில எடுங்க. அதுக்கப்புறம் தெருவுக்கு ரோடு போட வந்தா பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுப் போடுறாங்களான்னு நின்னு பாருங்க, இல்லன்னா தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து அன்னைக்கே மாநகராட்சி நம்பர் 1913க்கு கம்ப்ளெய்ன்ட் போடுங்க.