ஏரி வண்டலும் மீன் அமிலமும்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். வண்டியில் வந்த ஒருவரிடம் ‘ஏரி வண்டல்’ என்று இரண்டு மூட்டையும் ஒரு லிட்டர் மீன் அமிலமும் வாங்கினேன். பாட்டில் உப்பி, திறந்தால் அழுகிய நாற்றம். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து ஊற்றியதில் கத்தரி இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: மீன் அமிலத்தில் ஏமாந்துதான் இருக்கிறீர்கள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சேர்த்து நொதிக்க வைக்கும் திரவ உரம் அது. நன்றாக நொதித்தது தேன் நிறத்தில் இருக்கும், பழ வாசனை வரும். நொதிப்பு முடியுமுன் அடைத்தால்தான் பாட்டில் உப்பும். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். போதாததற்கு 30 மில்லி மிக அதிகம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். இப்போதைக்கு அந்தத் தொட்டிகளில் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடிய விடுங்கள்.

இனிமேல் இதை வாங்கவே வேண்டாம். மீன் கடையில் குடலும் செதிலும் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம் பொடித்துப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்தி காற்றை வெளியேற்றுங்கள். 21 நாள் கழித்து வடிகட்டலாம். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், உப்பு செடியைக் கொன்றுவிடும்.

வண்டல் விஷயம் வேறு. அது நல்ல பொருள், ஆனால் எந்த ஏரி என்று தெரியாமல் தொடக்கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் வந்து ஒரத்துப்பாளையம் அணையில் படிந்ததை நாம் பார்த்தோமே! சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் நீர்நிலையின் மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் தங்கும். அவை காய்கறிக்குள், குறிப்பாகக் கீரைக்குள் ஏறும். வெயிலில் காய வைத்தாலும் போகாது. விற்றவர் ஏரியின் பெயரைச் சொல்லவில்லை என்றால், அந்த மூட்டைகளைப் பூச்செடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான கிராமத்துக் குளத்து வண்டல் கிடைத்தாலும் அப்படியே தொட்டியில் நிரப்பாதீர்கள். களி இறுகி வேர் மூச்சுவிட முடியாது. ஒரு பங்கு வண்டலுக்கு இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய எரு சேருங்கள். கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருக்கிறார்களா? தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாகவே எடுக்கிறார்கள். அவர்கள் வயலுக்கு அடித்ததில் ஒரு கூடை கேட்டுப் பாருங்கள்.

பில் இல்லாமல் வாங்கியதால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். அந்த நபரின் செல்போன் எண் இருந்தால், பாட்டிலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.