பாப் இசைக் காணொளிகள் மீது எழும் கலாச்சார அபகரிப்புக் குற்றச்சாட்டுகள் நியாயமானவையா?

ஒரு பாடகி நெற்றியில் பொட்டு வைத்தாலும் கூந்தலை ஆப்பிரிக்கப் பாணியில் பின்னிக்கொண்டாலும் உடனே ‘கலாச்சார அபகரிப்பு’ (ஒரு சமூகத்தின் அடையாளங்களை வேறொருவர் எடுத்துத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்வது) என்று கண்டனம் கிளம்புவதைச் சுட்டிக்காட்டி, இது நியாயமான கோபமா, வீண் ஆர்ப்பாட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் பெரும்பாலும் நியாயமானது, அது போய் விழும் இடம்தான் பல நேரங்களில் தவறு என்பது என் கருத்து. பாடகி என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பு, அவரைச் சுற்றி நிற்கும் மனிதர்களுக்கு அந்தக் காணொளியில் என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் பார்ப்பேன்.

சிக்கலின் வித்து இசைக் காணொளி என்ற வடிவத்திலேயே இருக்கிறது. கையில் இருப்பவை மூன்று நான்கு நிமிடங்கள், வசனம் கிடையாது, யாரையும் அறிமுகப்படுத்த நேரமும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் இன்ன நாடு என்று விளங்க வேண்டும் என்பதால், பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே படிந்துபோன பிம்பங்களையே இயக்குநர் எடுத்தாள்கிறார். இசைக் காணொளிகளுக்கென்றே வந்த அமெரிக்கத் தொலைக்காட்சியான எம்டிவி 1981 ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டுரான் டுரான் என்ற ஆங்கிலேயக் குழு ‘ஹங்க்ரி லைக் தி வுல்ஃப்’ பாடலை இலங்கைக்குப் போய்ப் படமாக்கியது. பாட்டில் இலங்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நெரிசலான கடைத்தெருவும், காடும், அந்தக் காட்டுக்குள் வெள்ளைக்கார நாயகன் தேடி ஓடும் விலங்கு போன்ற மர்மப் பெண்ணும் கிடைத்தால் போதும், அது எந்த நாடு என்பது இரண்டாம்பட்சம். அந்தக் காணொளி எம்டிவியில் பெருவெற்றி பெற்றது. அதே சூத்திரம் இன்றுவரை செலாவணியில் இருக்கிறது.

2016 ஜனவரியில் கோல்ட்பிளே என்ற பிரிட்டன் குழு அமெரிக்கப் பாடகி பியான்சேயுடன் சேர்ந்து வெளியிட்ட ‘ஹிம் ஃபார் தி வீக்கெண்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருவருடைய துணை தரும் கிறக்கத்தைப் பாடும் அந்தப் பாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் காணொளியில் பெரும்பாலும் மும்பை. குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் வாடகைக் காரில் வருகிறார். சந்துகளில் சிறுவர்கள் வண்ணப்பொடி வீசுகிறார்கள். உடலெங்கும் நீலம் பூசிய ஒரு சிறுவன் கடவுள் வேடத்தில் நிற்கிறான். காவி உடுத்த சாதுக்களும் மயிலும் வந்துபோகிறார்கள். பழைய திரையரங்கு ஒன்றின் திரையில் நகைகள் பூட்டிய பியான்சே இந்திய நடிகையாகத் தோன்றுகிறார். உண்மையான இந்தி நடிகையான சோனம் கபூருக்குக் கிடைத்தவை சில நொடிகள்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை என்று வாதிடலாம். ஹோலியும் சாதுக்களும் இருக்கத்தானே செய்கிறார்கள்? இருக்கிறார்கள்தான். ஆனால் மும்பை நாட்டின் நிதித் தலைநகரம். அலுவலகம், கல்லூரி, பங்குச்சந்தை என்று அலைகிற கோடிக்கணக்கானோர் வாழும் ஊர். அந்த ஊரைக் காட்ட வந்தவர் ஒரு பண்டிகையையும் கொஞ்சம் ஏழ்மையையும் மட்டும் பொறுக்கி எடுத்தால், அந்தத் தேர்வில்தான் பொய் இருக்கிறது. அன்று பெரிய விவாதமாக வெடித்தது பியான்சேயின் உடையும் நகையும். அந்தச் சிறுவர்களுக்கோ பாடகரைப் பார்த்துச் சிரிப்பதும் அவர்மேல் வண்ணம் வீசுவதும் தவிர வேறு வேலையே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. அவர்கள் அந்த ஊர்க்காரர்களாகக்கூட இல்லை, அரங்கப் பொருள்களாக இருக்கிறார்கள்.

கலாச்சார அபகரிப்பும், ஓர் இனத்தாரை ஒரே அச்சில் வார்த்துக் காட்டும் வார்ப்புப் பிம்பமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். மடோனாவின் ‘வோக்’ (1990) காணொளியில் கேலியோ இழிவோ கிடையாது. அதிலுள்ள நடனம், நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலின, திருநர் மக்கள் தங்கள் ‘பால்’ (ball) எனும் நடன, அலங்காரப் போட்டி அரங்குகளில் வளர்த்தெடுத்தது. அந்த அரங்குகளிலிருந்து வந்த ஹோசே குட்டியரெஸ், லூயிஸ் கமாச்சோ இருவரையும் மடோனா காணொளியில் ஆடவைத்தார், உலகப் பயணத்துக்கும் அழைத்துப்போனார். ஆகவே கலைஞர்களை மறைத்துவிட்டார் என்று அவர்மீது பழி சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நடனம் உலகத்தின் கண்ணில் மடோனாவின் நடனமாகவே நிலைத்தது. அதை உருவாக்கிய சமூகமோ அதே ஆண்டுகளில் எய்ட்ஸ் நோயாலும் வறுமையாலும் சிதைந்துகொண்டிருந்தது. இதில் விவாதிக்க வேண்டியது பெயரும் பணமும் யாருக்குப் போயின என்பது.

நேர் எதிரான வகை, டெய்லர் ஸ்விஃப்டின் ‘வைல்டஸ்ட் டிரீம்ஸ்’ (2015). அவர் யாருடைய உடையையும் நடனத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவில் படமெடுக்க வந்த பழைய ஹாலிவுட் குழுவினரின் காதல் கதை அது. சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் தெளிவாகத் தெரிகின்றன, ஆப்பிரிக்கர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 1950களின் படக்குழுவைக் காட்டும்போது வரலாற்றை மாற்றி எழுத முடியாது என்றும், காணொளியின் தயாரிப்பாளரும் படத்தொகுப்பாளரும் கறுப்பினத்தவர் என்றும் இயக்குநர் ஜோசப் கான் விளக்கம் சொன்னார். பாடகியோ காணொளியின் வருமானத்தை ஆப்பிரிக்க வனவிலங்குப் பாதுகாப்புக்கு அளித்தார். விளக்கம் நேர்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் காலத்துப் படக்குழுவுக்குச் சமைத்தவர், வழிகாட்டியவர், பெட்டி சுமந்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறதே? அவர்களைக் காட்டியிருந்தால் காதல் கனவு கலைந்திருக்கும். அதனால் காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

மிகப் பழைய காயம் கறுப்பினப் பெண்களின் உடல் சார்ந்தது. 1830களிலிருந்து அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாக நடித்துக் காட்டிய மின்ஸ்ட்ரல் மேடைகள் வெகுமக்கள் பொழுதுபோக்காக விளங்கின. எம்டிவி தன் முதல் ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை மிக அரிதாகவே ஒளிபரப்பியது. 1983இல் பிரிட்டன் பாடகர் டேவிட் போவி அந்தத் தொலைக்காட்சியின் நேர்காணலிலேயே அதைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்டார். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் 2013இல் அமெரிக்கப் பாடகி மைலி சைரஸின் ‘வி கான்ட் ஸ்டாப்’ காணொளிக்கு எழுந்த எதிர்ப்பு புரியும். நடுவில் வெள்ளைப் பாடகி, சுற்றிலும் இடுப்பை ஆட்டும் கறுப்பினப் பெண்கள். தன் குழந்தைநட்சத்திரப் பிம்பத்தை உதறி, தான் வளர்ந்துவிட்டதைக் காட்ட அவருக்கு அந்த உடல்கள் தேவைப்பட்டன. அவர் அந்தக் கோலத்தைக் கழற்றிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடலாம். ஆடியவர்களால் தம் தோலைக் கழற்ற முடியாது. அதே ஆண்டு பிரிட்டன் பாடகி லில்லி ஆலன் இத்தகைய காணொளிகளை நையாண்டி செய்வதாகச் சொல்லி ‘ஹார்ட் அவுட் ஹியர்’ வெளியிட்டார். அந்த நையாண்டியிலும் அவர் ஆடையோடு நிற்க, கேமரா நெருங்கிப் போனது பெரும்பாலும் கறுப்பின நடனப் பெண்களின் பின்புறத்துக்கு. இப்படிப்பட்ட கிண்டலை என்னால் ஏற்க முடியவில்லை.

மன்னிப்பும் வெட்டி நீக்குதலும் இப்போது சடங்காகிவிட்டன. 2012இல் நோ டவுட் என்ற அமெரிக்கக் குழு ‘லுக்கிங் ஹாட்’ என்ற செவ்விந்தியக் கதை வேடக் காணொளியை வெளியிட்ட உடனேயே திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. பல்கலைக்கழக நிபுணர்களைக் கலந்தாலோசித்த பிறகே எடுத்ததாகவும் சொன்னது. கேட்டி பெரியின் ‘டார்க் ஹார்ஸ்’ (2014) காணொளியில் ‘அல்லாஹ்’ என்று பொறித்த பதக்கமும், கொரியாவின் பிளாக்பிங்க் குழுவின் ‘ஹவ் யூ லைக் தட்’ (2020) காணொளியில் தரையில் வைக்கப்பட்டிருந்த பிள்ளையார் சிலையும் எதிர்ப்புக்குப் பிறகு கணினியால் அழிக்கப்பட்டன. மத நம்பிக்கை புண்பட்டது என்றால் நிறுவனங்கள் சட்டென்று அசைந்துகொடுக்கின்றன. சிலையை நீக்கிவிடலாம், அரங்கப் பொருளாக நிறுத்தப்பட்ட மனிதரை எப்படி நீக்குவது?

வெளிநாடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கே இந்தக் கோபம் அதிகம், சொந்த நாட்டில் இருப்பவர்கள் பலர் இவற்றை ரசிக்கிறார்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். அது இயல்புதான். பள்ளியில் பொட்டுக்காகக் கேலி செய்யப்பட்டவருக்கு அதே பொட்டு மேடையில் அலங்காரமாவதைப் பார்க்கும்போது வலிக்கும். பெரும்பான்மையாக வாழ்பவருக்கு அந்த அனுபவம் கிடையாது. அதனால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றாகாது.

பாடுபவர் வெள்ளையரல்லாதவர் என்றால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டன் பாடகி எம்.ஐ.ஏ. இந்தக் கேள்விக்குப் பொருத்தமானவர். மொராக்கோவில் எடுக்கப்பட்ட அவருடைய ‘பேட் கேர்ள்ஸ்’ (2012) காணொளியில் பாலைவனம், முகம் மூடிய ஆண்கள், துப்பாக்கி என்று அரபு உலகத்தைப் பற்றிய தேய்ந்த பிம்பங்கள் அத்தனையும் வருகின்றன; அதைக் கண்டித்தவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த அந்தக் காலத்தில், அக்காணொளியில் பெண்கள் காரை ஓட்டுகிறார்கள், ஆண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 2015இல், ஆப்பிரிக்காவில் எடுத்த ஒரு காணொளியை அபகரிப்புக் குற்றச்சாட்டு வரும் என்ற காரணத்தால் வெளியிட வேண்டாமென்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அவரே ட்விட்டரில் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் நடனக் கலைஞர் ஒருவரை மையமாகக் கொண்ட அந்தக் காணொளி சில வாரங்களில் வெளிவந்தது. அதில் அந்த மனிதர் யாருக்கும் பின்னணியாக நிற்கவில்லை, தன் ஆட்டத்தை ஆடுகிறார். அதை முடக்கியிருந்தால் யாருக்கு நன்மை என்று எனக்கு விளங்கவில்லை.